விழிஞ்ஞம் முதல் கள்ளிக்காடு வரை: கனரக இயந்திரம் நின்றுபோனால் நேரம் எங்கே வீணாகிறது?

2023 அக்டோபரில் சீனாவிலிருந்து 'ஷென் ஹுவா 15' என்ற கப்பல் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வந்தது. அதில் கப்பலில் இருந்து சரக்கை இறக்கும் பெரிய கிரேன் ஒன்றும் யார்டு கிரேன்கள் இரண்டும் இருந்தன. அக்டோபர் 15 அன்று வரவேற்பு விழா நடந்தது. ஆனால் கப்பலில் இருந்த சீன ஊழியர்கள் கரையிறங்க உடனே அனுமதி கிடைக்கவில்லை. கடலும் கொந்தளிப்பாக இருந்தது. கிரேன்களை இறக்கும் வேலை சில நாட்கள் தள்ளிப்போனது.

கிரேன் வந்துவிட்டது, வேலை தெரிந்த ஆள் களத்தில் இறங்க முடியவில்லை. இதே சிக்கல் சிறிய அளவில் நெய்யாற்றின்கரை, பாறசாலை, நெய்யாறு அணைக்கு அருகிலுள்ள கள்ளிக்காடு போன்ற எல்லையோர ஊர்களிலும் வரும். அங்கே நிற்பது கிரேன் அல்ல, மண் அள்ளும் இயந்திரம். அதைச் சரிசெய்யப் போகும் ஃபீல்டு சர்வீஸ் இன்ஜினியர் குழுவை நீங்கள் நிர்வகிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எதை முதலில் கவனிப்பீர்கள்?

32 மணி நேரம் எங்கே போனது?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இது உதாரணம் மட்டுமே. காலை 9 மணிக்கு இயந்திரம் நிற்கிறது. மறுநாள் மாலை 5 மணிக்கு ஓடுகிறது. மொத்தம் 32 மணி நேரம்.

• புகார் சரியான ஆளிடம் போய்ச் சேர: 2 மணி
• பயணம்: 3 மணி
• பழுதைக் கண்டுபிடிக்க: 2 மணி
• உதிரிபாகத்துக்குக் காத்திருப்பு: 22 மணி
• ரிப்பேர்: 3 மணி

இன்ஜினியரை விரட்டி ரிப்பேர் நேரத்தைப் பாதியாக்கினாலும் மிச்சமாவது ஒன்றரை மணி நேரம்தான். அந்த பார்ட் முதலிலேயே வேனில் இருந்திருந்தால் 22 மணி நேரம் மிச்சம். இயந்திரம் 300 மணி நேரத்துக்கு ஒருமுறை நிற்கிறது என்றால், அது ஓடத் தயாராக இருக்கும் விகிதம் சுமார் 90 சதவீதத்திலிருந்து 97 சதவீதமாக உயரும்.

அதனால்தான் இந்தத் துறையில் 'முதல் வருகையிலேயே பழுது தீர்ந்ததா?' என்ற கேள்விக்கு அவ்வளவு மதிப்பு.

போனில் என்ன கேட்க வேண்டும்?

"வண்டி நின்னுடுச்சு சார், உடனே ஆள் அனுப்புங்க" என்று போன் வரும். எந்த வண்டி? தமிழ்நாட்டில் பலருக்கு அது 'பொக்லைன்'. களியக்காவிளை தாண்டினால் 'ஹிட்டாச்சி'. எந்த கம்பெனி தயாரிப்பாக இருந்தாலும் பேச்சுவழக்கில் இதே பெயர்தான். இதை நம்பி பார்ட் எடுத்துப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

எனவே மாடல், சீரியல் நம்பர், ஓடிய மணி நேரம், திரையில் தெரியும் எரர் கோடு ஆகிய நான்கையும் முதல் அழைப்பிலேயே வாங்குங்கள். ஜேசிபியின் லைவ்லிங்க், கோமட்சுவின் கோம்ட்ராக்ஸ் போன்ற வசதிகள் உள்ள இயந்திரங்களில் இவற்றில் பெரும்பாலானவற்றை ஆபீஸில் இருந்தே பார்க்கலாம். ஆனாலும் ஆபரேட்டரிடம் பேசாமல் விடாதீர்கள். "ரெண்டு நாளாவே சவுண்டு மாறியிருந்துச்சு" என்பதை எந்த சென்சாரும் இப்படிச் சொல்லாது. அவர் தமிழ், மலையாளம், இந்தி என எதிலும் பேசலாம். குழுவில் மூன்றும் தெரிந்த ஆள் இருப்பது பெரிய பலம்.

எல்லை ஏன் முக்கியம்?

நாகர்கோவில் குடோனில் இருக்கும் பம்ப், நெய்யாற்றின்கரைக்குப் பக்கம்தான். ஆனால் நடுவில் மாநில எல்லை. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு எல்லையைக் கடக்க இ-வே பில் வேண்டும். இரவு 9 மணிக்கு அதைப் போட ஆபீஸில் ஆள் இல்லையென்றால் பார்ட் காலையில்தான் கிளம்பும். ஃபில்டர், ஹோஸ், சீல் கிட், சென்சார் போன்ற அடிக்கடி போகும் பாகங்களைக் கேரளப் பக்கமே இருப்பு வைப்பது இதற்காகத்தான். குவாரித் தூசியில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். இந்தப் பகுதிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் உண்டு. எலெக்ட்ரிக்கல் கனெக்டர்களில் ஈரம் இறங்கும். மழைக்கு முன்பே இருப்பைக் கூட்ட வேண்டும்.

வேகத்தை மட்டும் அளந்தால் என்ன ஆகும்?

இங்கேதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் வருகிறது. என்ஜினை நிறுத்திய பிறகும் ஹைட்ராலிக் லைனில் அழுத்தம் தேங்கியிருக்கும். ஊசிமுனை அளவு கசிவுகூடத் தோலைத் துளைத்து ஆயிலை உள்ளே செலுத்திவிடும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரலாம்.

பக்கெட்டைத் தரையில் இறக்குவது, என்ஜினை நிறுத்துவது, அழுத்தத்தை வெளியேற்றுவது, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வது என எல்லாம் சேர்ந்து சில நிமிடங்கள்தான். ஆனால் மாத இறுதியில் 'யார் சீக்கிரம் முடித்தார்' என்று மட்டும் மதிப்பெண் போட்டால், அந்தச் சில நிமிடங்கள்தான் முதலில் வெட்டுப்படும்.

எனவே உங்கள் டேஷ்போர்டில் இரண்டு கட்டங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, 'பாதுகாப்பு இல்லை' என்று இன்ஜினியர் வேலையை நிறுத்திய தடவைகள். இன்னொன்று, இரவு 10 மணிக்கு மேல் அவர் வண்டி ஓட்டிய நாட்கள். முதல் எண் மாதக்கணக்கில் பூஜ்யமாகவே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். சொல்ல பயப்படுகிறார்களா என்று விசாரியுங்கள்.