குண்டின் வேகமும் துப்பாக்கியின் உதையும்

யானை, காட்டெருமை முதலிய பெரிய விலங்குகளுக்கென்று செய்யப்பட்ட ரைபிளைச் சுடும்போது குண்டு முன்னே பாய்கிறது. துப்பாக்கி பின்னே வந்து தோளை உதைக்கிறது. இதனைப் பின்னுதைப்பு என்பர். அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் வேட்டைக்காரர் பலர், சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டில் புதிய வெடிமருந்தும் குண்டும் இட்டுத் தோட்டாவைத் தாமே செய்துகொள்கின்றனர். 'இன்னும் சிறிது மருந்து இட்டால் குண்டு இன்னும் விரைவாகச் செல்லுமே' என்ற ஆசை அவர்களுக்கு எழுவது இயல்பு. அந்த வேகத்திற்கு விலை என்ன?

1956ஆம் ஆண்டில் வெளிவந்த .458 வின்செஸ்டர் மாக்னம் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதன் 32.4 கிராம் குண்டு நொடிக்குச் சுமார் 650 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. அதன் உந்தம் 21.1 கி.கி. மீட்டர்/நொடி. மருந்து ஏறத்தாழ 4.7 கிராம். அது வளிமமாக மாறி, நொடிக்குச் சுமார் 1,200 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொண்டால், அதன் உந்தம் 5.6. ஆக மொத்தம் 26.7. உந்த அழிவின்மை விதிப்படி, துப்பாக்கியும் இதே அளவு உந்தத்துடன் பின்னோக்கி வரவேண்டும். துப்பாக்கியின் எடை 4.5 கிலோகிராம் எனில், அதன் வேகம் நொடிக்கு 5.93 மீட்டர், இயக்க ஆற்றல் 79 ஜூல்.

1958இல் வந்த .460 வெதர்பி மாக்னம், அதே எடையுள்ள குண்டைச் சுமார் 790 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. அதற்கு ஏறத்தாழ 7.5 கிராம் மருந்து வேண்டும். முன்போலவே கணக்கிட்டால் பின்னுதைப்பின் ஆற்றல் 133 ஜூல் ஆகிறது. குண்டின் வேகம் 22 விழுக்காடுதான் கூடியது. உதையோ 68 விழுக்காடு கூடிவிட்டது! உதைக்கு அஞ்சுபவர் விசையை இழுக்கும் கணத்திலேயே உடல் குலுங்கிக் குறி தவறுவார். காயம்பட்ட எருமை அவர் மீதே பாயக்கூடும்.

இனி அழுத்தத்தைப் பார்ப்போம். வேகம் 22 விழுக்காடு கூட, குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 48 விழுக்காடு கூடவேண்டும். குழலின் நீளம் மாறாதிருக்க, குண்டைத் தள்ளும் சராசரி அழுத்தமும் அதே அளவு உயர்ந்தாக வேண்டும். வெதர்பி இதனைப் பெரிய கூட்டினால் சாதிக்கிறது. மிகுந்த மருந்து எரிவதால் அழுத்தம் குழல் நெடுகிலும் அதிகம் தணியாமல் நிற்கிறது. எனவே இரு தோட்டாக்களுக்கும் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் ஏறத்தாழ ஒன்றே: வளிமண்டல அழுத்தத்தைப் போல் 4,000 மடங்கிற்குச் சற்று மேல்.

சிறிய கூட்டிலேயே மருந்தைக் கூட்டினால் நிலைமை வேறு. அழுத்தம் உயர உயர மருந்து விரைந்து எரியும். விரைந்து எரிய எரிய அழுத்தம் மேலும் உயரும். எனவே வேகத்தில் கிடைக்கும் சிறு ஆதாயத்திற்கு உச்ச அழுத்தம் பன்மடங்கு விகிதத்தில் ஏறுகிறது.

வெப்பமும் இதனுடன் சேர்ந்துகொள்ளும். சூடான மருந்து இன்னும் வேகமாக எரியும். லண்டனைச் சேர்ந்த ஜான் ரிக்பி நிறுவனம் 1898இல் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவைப் பெரிய கூட்டுடனும் குறைந்த அழுத்தத்துடனும் அமைத்ததற்கு, இந்தியா, ஆப்பிரிக்கா போன்ற நாடுகளின் வெயிலும் ஒரு காரணம். குளிர்காலத்தில் குறையின்றிச் சுட்ட தோட்டா, கோடையில் எல்லை மீறக்கூடும்.

சுட்டபின் கூட்டை வெளியே எடுக்க முடியாமல் இறுகுவதும், அதன் அடியிலுள்ள கேப்பு தட்டையாவதும் எச்சரிக்கைகள். ஆனால் எச்சரிக்கை தோன்றும்வரை காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. சில வேளைகளில் அது தோன்றாமலே துப்பாக்கி வெடித்துவிடும். அச்சிட்ட அட்டவணையின் குறைந்த அளவில் தொடங்கி, அதன் எல்லைக்குள் நிற்பதே முறை. உதையின் மிகுதியைத் தோள் உடனே சொல்லிவிடும். அழுத்தத்தின் மிகுதியை எஃகு முன்கூட்டிச் சொல்லாது.