தேடினால் கிடைக்காத ஔவையார்

நுகேகொடையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “பழந்தமிழ் நூல்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஒரு தளத்தில் ‘ஔவையார்’ என்று தேடினேன். ‘முடிவுகள் இல்லை’ என்று வந்தது. பக்கத்தைத் திறந்து பார்த்தால் கிழவி அங்கேதான் இருக்கிறார். கணினிக்குக் கண் தெரியாதா?”

தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்கள். ஒருங்குறியில் ஔ என்ற உயிருக்கு 2964 என்று ஓர் எண் உண்டு. விசைப்பலகையில் அந்த எழுத்தைத் தேடி அலுத்தவர்கள், ஒ (2962) ஒன்றைத் தட்டி அருகில் ள (2995) ஒன்றையும் தட்டிவிடுவார்கள். திரையில் ஔவையார், ஒளவையார் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். உள்ளே இருப்பவர்கள் வேறு வேறு ஆட்கள்.

வெள்ளவத்தையில் காலி வீதிச் சாப்பாட்டுக் கடையின் கண்ணாடிப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ரோல்ஸ் அடுக்கியிருக்கிறது. எல்லாம் ஒரே நீளம், ஒரே பொன்னிறம். மீனா மரக்கறியா என்று நாம் கடைக்காரரிடம் கேட்போம். கணினி கேட்காது, கடித்துப் பார்க்கும். மீன் ரோல்ஸ் வேண்டும் என்று நீங்கள் சொன்னால், மரக்கறி ரோல்ஸ் நூறு இருந்தாலும் “கடையில் ரோல்ஸே இல்லை” என்று சொல்லிவிடும். உருளைக்கிழங்கை முதலில் போட்டாலென்ன, வெங்காயத்தை முதலில் போட்டாலென்ன, இரண்டும் ஒரே ரோல்ஸ்தான் என்று அதற்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கவும் வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் மாலுபாண் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்படிச் சொல்லிக் கொடுப்பதற்குச் சீராக்கம் என்று பெயர். ‘கொ’வை க-வுடன் ொ (3018) சேர்த்தும் எழுதலாம், க-வுடன் ெ (3014), ா (3006) என இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பது ஒருங்குறியின் சட்டம். ஔவுக்கும் இப்படி ஓர் இரட்டை உண்டு: ஒ-வுடன் ௗ (3031). இந்தக் குறி ள போலவே இருக்கும், ஆனால் ள அல்ல. உண்மையான ள தனியெழுத்து என்பதால் அதைச் சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தரவகம் கட்டுபவர் அவசரப்பட்டு, கெள என்று வரும் இடமெல்லாம் கௌ என்று மாற்றச் சொன்னால் கௌரவம் பிழைக்கும். கெளுத்தி மீன் செத்துவிடும். ஒள எல்லாம் ஔ ஆனால் ஔவையார் வந்துவிடுவார், ஒளி அணைந்துவிடும். என்ன செய்வது? ள-வுக்கு அடுத்து நிற்பதைப் பார்க்க வேண்டும். உயிர்க்குறியோ புள்ளியோ ஒட்டியிருந்தால் அது உண்மையான ள, தொடக்கூடாது. ஒன்றும் ஒட்டாமல் நின்றால் வேடம் போட்ட ஔகாரம், மாற்றலாம். வெள்ளமும் தெளிவும் தப்பும், வௌவாலும் சரியாகும். நிரலில் ஒரே வரி. ஆனால் தமிழ் தெரிந்த ஒருவர்தான் அந்த வரியை எழுத முடியும்.

இதே வேடம் இன்னோர் இடத்திலும் உண்டு. நாட்டின் பெயருக்கு முன்னால் நிற்கும் ஸ்ரீயும் திரையில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு வகை: ஸ-வில் தொடங்குவது ஒன்று, 2005 இல் ஒருங்குறி சேர்த்துக்கொண்ட ஶ-வில் தொடங்குவது இன்னொன்று.

இனி மாலுபாண். இலங்கையில் பாமினி எழுத்துருவில் தட்டச்சான கோப்புகள் ஏராளம். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினி சேமிப்பது ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி. தமிழ் என்பது மேலே பூசிய தோற்றம் மட்டுமே. எழுத்துருவைக் கழற்றினால் ஆங்கில எழுத்துக் குப்பை. அதாவது வெளியே ரோல்ஸ், உள்ளே மாலுபாண். உவமை இதற்குமேல் தாங்காது, விட்டுவிடுவோம்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பந்தி. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணி வந்தது. 1949 இல் இத்தாலியப் பாதிரியார் றொபேர்ட்டோ பூசா ஐபிஎம் நிறுவனத்தின் துளையட்டைகளைக் கொண்டு தோமஸ் அக்குவைனாசின் எழுத்துகளுக்குச் சொல்லடைவு செய்யப் புறப்பட்டார். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 இல் தொடங்கியது, நம்முடைய நூலகம் இணையத்தளம் 2005 இல். நூலகத்தில் பெரும்பகுதி பக்கங்களின் படங்கள். அழியாமல் காப்பதற்கு அது போதும். சொல் தேடுவதற்குப் போதாது.

ஓலைச்சுவடியில் சிக்கல் தலைகீழ். கணினியில் ஒரு தோற்றத்துக்குப் பல எண்கள். ஏட்டில் ஒரு வடிவத்துக்குப் பல எழுத்துகள். பழைய ஏடுகளில் பொதுவாகப் புள்ளி வைப்பதில்லை. காலும் ரகரமும் ஒரே கோடு. எகர ஏகார வேறுபாடும் இல்லை. ஆகவே ஏட்டில் ‘பரல’ என்று இருந்தால் அது பால், பால, பரல், பரல எதுவாகவும் இருக்கலாம். குடிக்கும் பாலா, காலில் குத்தும் பரலா என்று பதிப்பாசிரியர் முடிவு செய்ய வேண்டும். எரியா ஏரியா என்பதும் அப்படித்தான். ஒன்று நெருப்பு, மற்றது நீர். அச்சுப் பக்கத்தில் ஒரு பாடத்தைத்தான் மேலே வைக்க முடியும்; மற்றவை அடிக்குறிப்புக்குப் போகும், அல்லது காணாமற்போகும்.

டிஜிட்டல் பதிப்பின் உண்மையான இலாபம் இங்கேதான். ஏட்டில் கீறியிருப்பது ஓர் அடுக்கு, பதிப்பாசிரியர் வாசித்தது இன்னோர் அடுக்கு, பிற ஏடுகளின் பாடபேதம் மூன்றாவது அடுக்கு. எந்த ஏடு, யார் திருத்தம் என்ற அடையாளத்துடன் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைக்கலாம். இதற்கான பொதுக் குறியீட்டு முறையை உலக அறிஞர்கள் 1987 முதல் செப்பனிட்டு வருகிறார்கள். இவை இல்லாமல் வெறும் எழுத்துக் கோப்பை இணையத்தில் ஏற்றிவிட்டு ‘மின்பதிப்பு’ என்பது, நல்ல பெயர் வைத்த தட்டச்சுப் பிரதி, அவ்வளவுதான்.

செயற்கை நுண்ணறிவு எல்லா ஏடுகளையும் வாசித்துத் தள்ளிவிடும் என்று இப்போது செய்தி வருகிறது. வடிவங்களை அடையாளம் காண அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஐயமான இடத்தில் அது அதிகம் வழங்கும் சொல்லையே ஊகிக்கும். பரலைவிடப் பால் அதிகம் வழங்குவது. எனவே பால் என்று எழுதும். ஏடு பெயர்த்து எழுதியவர்கள் நூற்றாண்டுகளாகச் செய்த தவறும் இதுவே: புரியாத அரிய சொல்லைப் புரிந்த எளிய சொல்லாக்கினார்கள். அதனாற்றான் இரண்டு பாடங்கள் மோதினால் அரியதை முதலில் எடைபோடு என்பது பதிப்புத்துறையின் பழைய அறிவுரை. புது இயந்திரம் அதற்கு நேர் எதிர்த் திசையில் பழக்கப்பட்டது. அந்தப் பழைய எழுத்தர்களைவிட வேகமும் அதிகம்.

ஆகவே யாராவது “எங்கள் தரவகத்தில் இத்தனை கோடிச் சொற்கள்” என்றால், கோடியை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். மூலப் பக்கத்தின் படம் உரைக்கு அருகில் இருக்கிறதா? எந்த எழுத்தை எந்த விதிப்படி மாற்றினீர்கள் என்ற பட்டியல் உண்டா? ஒதுக்கிய பாடங்களை வைத்திருக்கிறீர்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் அங்கே தேடி வந்த சுழியத்தைக்கூட ஆய்வில் எழுதலாம். இல்லையென்றால், ஒரு சொல் சங்க இலக்கியத்தில் இல்லை என்று அந்தத் தேடற்பெட்டியை நம்பிக் கட்டுரை எழுதாதீர்கள்.