தனி ஆவர்த்தன நேரத்து அடுப்பு

மார்கழியில் தி.நகர் வாணி மஹாலிலோ மயிலாப்பூர் சபாக்களிலோ கச்சேரி கேட்டவர்களுக்குத் தெரியும்: தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிப் பேர் கேன்டீனுக்குக் கிளம்பிவிடுவார்கள். (பாவம், மிருதங்கக்காரர்.) அந்த நேரத்தில் கேன்டீன் சமையற்கட்டை எட்டிப் பார்த்தால், லினக்ஸில் டாக்கரை ஒழுங்குபடுத்தும் வித்தை பாதி புரிந்துவிடும்.

தோசை, காபி, போண்டா மூன்றுக்கும் தனித்தனித் தடுப்பு. ஆனால் அடுப்பும் மேடையும் பொது. டாக்கர் ஓட்டும் கன்டெய்னரும் அப்படித்தான். தனிக் கணினி அல்ல, ஒரே கெர்னலுக்குள் போட்ட தடுப்பு. யாருக்கு எவ்வளவு என்று அளந்து கொடுப்பது சி-குரூப். கூகுள் பொறியாளர்கள் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் 2006-இல் தொடங்கிய இந்த வேலை, 2008 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.6.24-இல் சேர்ந்தது. டாக்கர் வந்தது 2013-இல். நாம் சொல்லாதவரை அது யாருக்கும் எந்த அளவும் வைக்காது.

சிபியு என்பது அடுப்பு. பத்து நிமிஷத்தில் ஐந்து நிமிஷம்தான் உனக்கு என்றால் தோசை தாமதமாகும், அவ்வளவே. லினக்ஸில் அந்தப் பத்து நிமிஷம் வழக்கமாக 100 மில்லி செகண்ட். அரை சிபியு என்றால் அதில் 50. இங்கேதான் சூட்சுமம். தோசைக்காரர் ஒரே நேரத்தில் நாலு கல்லை ஏற்றினால் அந்த 50-ஐ 12.5 மில்லி செகண்டிலேயே தீர்த்துவிடுவார். மீதி 87.5-க்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான், பக்கத்து அடுப்பு சும்மா கிடந்தாலும். "சர்வர் காலியாத்தானே இருக்கு, ஏன் இழுக்குது?" என்று தலையைச் சொறிபவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம். நானாக இருந்தால் உச்சவரம்பை விட்டுவிட்டு சிபியு ஷேர்ஸ் வைப்பேன். கூட்டம் இருந்தால் பங்கு பிரியும். இல்லாவிட்டால் எல்லா அடுப்பும் உனக்கே.

மெமரி என்பது மேடை. அதில் தாமதம் செல்லாது. இடம் உண்டு, அல்லது இல்லை. வரம்பில்லாமல் விட்டால் போண்டாக்காரர் சட்டியைப் பரப்பிக்கொண்டே போவார். கடைசியில் கெர்னல் வந்து யாரையாவது வெளியேற்றும். அது உங்கள் டேட்டாபேஸாகவும் இருக்கலாம். வரம்பு வைத்தால் மீறியவர் மட்டும் வெளியே. கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு செத்துக் கிடந்தால் முதலில் மெமரியைச் சந்தேகியுங்கள்: 128-உடன் 9, அதாவது தடுக்கவே முடியாத கில் சிக்னல். வரம்பைக் குத்துமதிப்பாக வைக்காமல், டாக்கர் ஸ்டாட்ஸ் கட்டளையை உச்ச நேரத்தில் ஓடவிட்டுப் பார்த்து, அதற்குமேல் கொஞ்சம் தாராளமாக வையுங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு அளந்தால் தனி ஆவர்த்தனத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம் எச்சில் இலை, அதாவது லாக். டாக்கர் வழக்கமாக எழுதும் ஜேசன் லாக் கோப்பை யாரும் தானாக அள்ளிப் போடுவதில்லை. டிஸ்க் நிரம்பும்வரை வளரும். எங்கள் சர்வர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதனால்தான் படுத்தது. டீமன் அமைப்புக் கோப்பில் ஒரு லாகுக்கு 10 எம்.பி., மொத்தம் 3 கோப்பு என்று எழுதிவைத்து டாக்கரை ரீஸ்டார்ட் செய்தேன். மறுநாளும் டிஸ்க் நிரம்பிக்கொண்டேதான் இருந்தது. பழைய கன்டெய்னர்களை நீக்கி மறுபடி உருவாக்கினால்தான் புது விதி அவற்றைத் தொடும்.