மழைக்காளான்: பார்த்து மகிழ்வோம், பறித்து உண்ண வேண்டாம்

மழை தொடங்கியதும் ஒரகடம் பகுதியின் ஏரிக்கரைகளிலும் வேலியோரங்களிலும் ஆலைப் புல்வெளிகளிலும் காளான்கள் தலைகாட்டுகின்றன. புற்றுக்காளானின் சுவையை ஊரார் அறிவர். அசாம், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து பணிபுரிய வந்தோருக்கும் காட்டுக்காளான் பழகிய உணவே. அவற்றைப் படமெடுத்து இனங்காணும் ஆர்வத்தை நாங்கள் வரவேற்கிறோம். தொட்டுப் பார்ப்பதால் நஞ்சு ஏறாது. கையைக் கழுவினால் போதும். இனங்கண்டுவிட்டோம் என்ற துணிவில் சமைப்பதற்கே அஞ்சுகிறோம்.

2022 ஏப்ரலில் அசாமில் நச்சுக்காளான் உண்டு 13 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். காளான் பறித்து உண்ணும் வழக்கமுடையவர்கள். பழக்கம் அவர்களைக் காக்கவில்லை.

புல்வெளியில் வெண்குடைபோல் விரியும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்னும் பெரிய காளான் இளமையில் உண்ணும் காளானைப் போலவே தோன்றும். முதிர்ந்த குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி ஓரிரவு வைத்தால் பச்சை நிற வித்துத்தூள் படியும். ஆர்வலர் கற்கவேண்டிய நல்ல சோதனை இது. ஆனால் தூள் வெண்மையாக இருப்பின் உண்ணலாம் என்று பொருளன்று. உயிர்கொல்லும் அமானிட்டா காளான்களின் தூளும் வெண்மையே. வெள்ளிக் கரண்டி கறுத்தல், பூச்சி அரித்திருத்தல், கைப்பேசிச் செயலி கூறும் பெயர் ஆகிய எவற்றையும் நம்பி உண்ணலாகாது. கொதிக்கவைத்தாலும் உலர்த்தினாலும் அமானிட்டாவின் நஞ்சு அழியாது.

குளோரோஃபில்லம் உண்டவருக்குப் பெரும்பாலும் 1 முதல் 3 மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அமானிட்டா நஞ்சோ 6 மணி நேரத்திற்குப் பின்னரே வெளிப்படும். அடுத்த நாள் வாந்தி நின்று, உடல் தேறியதுபோல் தோன்றும். அப்போதுதான் கல்லீரல் உள்ளுக்குள் சிதைந்துகொண்டிருக்கும். "சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போகிறோம்" என்று உறவினர் கூறும் அந்த நாளையே நாங்கள் மிகவும் அஞ்சுகிறோம்.

ஐயம் எழுந்தால் செய்ய வேண்டியவை:

• அறிகுறிக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். அல்லது உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.
• உண்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
• எஞ்சிய காளானையும் சமைத்த உணவையும் காகித உறையில் கொண்டுவாருங்கள்.
• உடன் உண்ட அனைவரையும், நலமாக இருப்பினும், அழைத்துவாருங்கள்.
• உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள்.

உண்பதற்குக் கடையில் விற்கும் சிப்பிக்காளானும் மொட்டுக்காளானும் உள்ளன. புல்வெளிக் காளான் கண்ணுக்கு மட்டும் விருந்தாகட்டும்.