துண்டுச் சீட்டு

கொஸ்லந்தை மலைச்சாரலில், மீரியபெத்த தோட்டத்திலே பிறந்து, என்னிடம் தமிழ் பயின்ற இளைஞன் ஒருவன், போயா விடுமுறைக்கு ஊர் வந்தவன், சென்ற மாதம் என்னைத் தேடி வந்தான். கொழும்பில் ஒரு கடையில் அவனுக்கு வேலை. கையில் மூன்று அழைப்புக் கடிதங்கள். மூன்றும் நேர்முகப் பரீட்சைக்கு உரியவை. மூன்றும் ஒரே வாரத்தில். ஒன்று பதுளையில், ஒன்று பண்டாரவளையில், மற்றொன்று கொழும்பில். கடையிலோ ஒருநாள் விடுப்பும் அரிது. வேறு வேலை தேடுகிறான் என்று முதலாளி அறிந்தால் உள்ள வேலையும் போய்விடும்.

"பாட்டிக்குக் கடுஞ் சுகவீனம் என்று ஒரு கடிதம் எழுதித் தாருங்கள், ஐயா" என்றான்.

எழுதுகோலை எடுத்தேன்; எழுத முடியவில்லை. அவன் பாட்டி 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலை மண்சரிவில் லயத்தோடு புதையுண்டவர். பள்ளிக்கூடம் சென்றிருந்ததனால் அவன் பிழைத்தான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் மண்ணுக்குள்ளே போயிற்று. பின்னர் அலைந்து பெற்ற பிரதியையே அவன் அன்று பொலித்தீன் உறையிலிட்டுக் கொண்டுவந்திருந்தான்.

இம்மலைகளில் வேலை மாறுவது என்றுமே எளிதாக இருந்ததில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை நீங்கிய தொழிலாளி சிறைத்தண்டனைக்கும் உரியவனானான். முறைப்படி நீங்கவோ 'துண்டு' வேண்டும். துண்டென்பது துரை தரும் சிறு சீட்டு. இன்ன கங்காணிக்கும் அவன் ஆட்களுக்கும் உள்ள கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவருக்கு இவர்களை விட்டுத்தருவோம் என்பது அதன் பொருள். கெட்டிக்காரக் கங்காணிகள் சிலர், ஒரு தோட்டத்தில் இருந்துகொண்டே துண்டும் கையுமாகப் பல தோட்டங்களின் படியேறி, மிகுந்த முற்பணம் தருவார் யார் என்று பேரம் பேசினர். ஏறிய கடன் ஆட்களின் தலையில் விடிந்தது. பல வாசல் ஏறும் உரிமை கங்காணிக்கு இருந்தது. கொழுந்து கொய்தவளுக்கு இல்லை. 1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிந்தது.

மனமுவந்து விடைகொடுத்தோரும் உண்டு. உ. வே. சாமிநாதையர் திருவாவடுதுறை மடத்திலே பாடஞ் சொல்லிவந்த காலத்தில், 1880இல், கும்பகோணம் கல்லூரியினின்று ஓய்வுபெறவிருந்த தியாகராச செட்டியார் தம் இடத்துக்கு அவரை வேண்டினார். பிரிய மனமில்லாதிருந்தும் சுப்பிரமணிய தேசிகர் இசைந்தார். ஐயருக்கு எந்தப் பாட்டியையும் நோயில் வீழ்த்த நேரவில்லை! ஆனால் எல்லா முதலாளியும் தேசிகர் ஆவாரோ? பையன் பொய் சொல்ல முனைந்ததை நான் முழுக்கக் குறைசொல்லத் துணியேன்.

ஈற்றில், "சொந்த அலுவல் நிமித்தம் இருநாள் விடுப்பு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். மற்றை இரண்டிடங்களுக்கும் வேறு நாள் வேண்டி இரு விண்ணப்பங்களும் எழுதினோம்.

முதலாளி ஒருநாளே தந்தார். இரவுப் பேருந்தில் பதுளைக்கு வந்து, பரீட்சை முடித்து, அன்றிரவே கொழும்புக்கு மீண்டு, விடியலில் கடை திறந்தானாம். பண்டாரவளையார் வேறு நாள் குறித்து விடையெழுதினர். கொழும்பினின்று மறுமொழி இல்லை. பதுளை முடிவு இன்னும் வரவில்லை. பண்டாரவளைக்கு விடுப்புக் கேட்கும் கடிதத்துக்காக அடுத்த போயாவுக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறான்.