இருட்டில் ஒரு துளி ஒளி: அதைப் பிடிக்கும் 'கண்'ணுக்கு என்ன விலை?

2001ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி. ஜப்பானில், ஒரு மலைக்கு அடியில் 1,000 மீட்டர் ஆழத்தில் இருக்கும் சூப்பர் கமியோகாண்டே ஆய்வுக்கூடத்தில் பராமரிப்பு வேலை முடிந்து, பெரிய தொட்டியில் மீண்டும் நீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். தொட்டியின் அடிப்பகுதியில் ஒரு கண்ணாடிக் குமிழ் உடைந்தது. அதன் அதிர்ச்சி அலை பக்கத்துக் குமிழை உடைத்தது; அது அடுத்ததை உடைத்தது. சில நொடிகளில் சுமார் 6,600 குமிழ்கள் நொறுங்கிப் போயின.

ஒரு குமிழின் விலை ஏறக்குறைய 3,000 அமெரிக்க டாலர். கணக்குப் பார்த்தால் இழப்பு 20 மில்லியன் டாலரை நெருங்குகிறது.

ஒரு கண்ணாடிக் குமிழுக்கு ஏன் இவ்வளவு விலை? அந்த விலையைக் குறைக்க அறிவியலாளர்கள் ஏன் இத்தனை ஆண்டுகளாகப் போராடுகிறார்கள்?

ஒரே ஓர் ஒளித்துகள்

அந்தத் தொட்டி காத்திருப்பது நியூட்ரினோ என்ற நுண்துகளுக்காக. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களில் 60 பில்லியனுக்கும் மேற்பட்டவை, ஒவ்வொரு நொடியும் நம் கட்டைவிரல் நகத்தின் வழியே புகுந்து போகின்றன. நமக்கு எதுவும் தெரிவதில்லை. பூமியையே துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும் துகள் அது. மிக அபூர்வமாக ஒன்று நீரில் மோதும்போது, மிக மங்கலான நீல ஒளி ஒரு கணம் தோன்றி மறையும்.

மாலை மங்கிய பிறகு கைப்பேசியில் படம் எடுத்தால் புள்ளி புள்ளியாக வருவதைப் பார்த்திருப்போம். இங்கு தேவைப்படும் கண்ணோ, ஒரே ஓர் ஒளித்துகள் வந்து விழுந்தாலும் அதை உணர வேண்டும்.

ஒளிப்பெருக்கிக் குழாய் எனப்படும் இந்தக் குமிழ் அதைத்தான் செய்கிறது. உள்ளே காற்று கிடையாது. கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு மெல்லிய பூச்சு. அதில் ஒளித்துகள் பட்டால் ஓர் எலக்ட்ரான் வெளியேறும். உயர் மின்னழுத்தம் அதை இழுத்து ஓர் உலோகத் தகட்டில் மோத வைக்கும். ஒன்று சிலவாகும். அவை அடுத்த தகட்டில் மோதிப் பலவாகும். கடைசியில் ஒன்று ஒரு கோடி அளவுக்குப் பெருகி, அளக்கக்கூடிய மின்துடிப்பாக வெளிவரும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம்

சூப்பர் கமியோகாண்டேவின் முன்னோடி 1983இல் தொடங்கிய கமியோகாண்டே. அதைத் திட்டமிட்டபோது பேராசிரியர் மசடோஷி கொஷிபாவுக்கு ஒரு சிக்கல். அமெரிக்காவில் அதைவிடப் பல மடங்கு பெரிய தொட்டி தயாராகிக்கொண்டிருந்தது. போட்டிக்குப் பெரிய தொட்டி கட்டப் பணம் போதாது.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று அவர் ஒதுங்கிவிடவில்லை. தொட்டியைப் பெரிதாக்க முடியாவிட்டால் கண்ணைப் பெரிதாக்கலாம் என்று யோசித்தார். அமெரிக்கர்கள் 5 அங்குலக் குழாய்களைப் பயன்படுத்தினார்கள். ஹமாமட்சு நிறுவனத்தை இணங்க வைத்து, அதனுடன் சேர்ந்து 20 அங்குலக் குழாயை உருவாக்கினார் கொஷிபா. ஒரு பெரிய குழாயின் பரப்பு 16 சிறிய குழாய்களுக்குச் சமம். கம்பியும் மின்னணுச் சாதனமும் அதற்கேற்பக் குறையும்.

அந்தப் பெரிய கண்களுக்கு 1987 பிப்ரவரியில் பலன் கிடைத்தது. பக்கத்து நட்சத்திர மண்டலத்தில் வெடித்த ஒரு விண்மீனிலிருந்து வந்த 11 நியூட்ரினோக்களைக் கமியோகாண்டே பிடித்தது. 2002இல் கொஷிபாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது கடை

ஒரே கடையில் மட்டும் கிடைக்கும் பொருளுக்குப் பேரம் பேச முடியாது. இந்த 20 அங்குலக் குழாய் பல ஆண்டுகளாக ஹமாமட்சுவிடம் மட்டுமே கிடைத்தது. சீனா தன் குவாங்டோங் மாநிலத்தில் 'ஜூனோ' என்ற ஆய்வுக்கூடத்தைத் திட்டமிட்டபோது தேவைப்பட்டதோ சுமார் 20,000 குழாய்கள்.

அதனால் 2009இலேயே சீன அறிவியலாளர்கள் சொந்த வடிவமைப்பில் இறங்கினார்கள். வரிசையான உலோகத் தகடுகளுக்குப் பதிலாக, பல இலட்சம் நுண்துளைகள் கொண்ட மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்றை உள்ளே வைத்தார்கள். துளைச் சுவரில் மோதி மோதி எலக்ட்ரான்கள் பெருகும். இருட்டில் பார்க்கும் கருவிகளில் முன்பே இருந்த நுட்பம்தான் இது. அத்தகைய கருவிகளைத் தயாரித்த நார்த் நைட் விஷன் டெக்னாலஜி நிறுவனமே இந்தக் குழாய்களையும் செய்தது.

2015இல் 15,000 குழாய்களுக்கான ஒப்பந்தம் அந்த நிறுவனத்துக்கும், 5,000 குழாய்களுக்கானது ஹமாமட்சுவுக்கும் சென்றது. எல்லாவற்றையும் உள்நாட்டிலேயே வாங்காததற்குக் காரணம் உண்டு. ஒளி வந்த நேரத்தைத் துல்லியமாகச் சொல்வதில் ஜப்பானியக் குழாய் முன்னிலையில் இருந்தது.

ஜூனோ 2025 ஆகஸ்ட் மாதம் ஆய்வைத் தொடங்கியது. 700 மீட்டர் ஆழத்தில், ஏறக்குறைய 12 மாடிக் கட்டடத்தின் உயரமுள்ள கோளத்தில் 20,000 டன் திரவம். அதைச் சுற்றி இந்தக் கண்கள்.

மலிவுக்கு இன்னும் வழிகள்

மலிவு என்றால் குறைந்த விலை மட்டுமல்ல. ஒரு கண் இரண்டு மடங்கு ஒளியைப் பிடித்தால், பாதி எண்ணிக்கை போதும். ஜப்பான் இப்போது கட்டிவரும் ஹைப்பர் கமியோகாண்டேவுக்கான புதிய குழாய்கள் இந்த வழியில் செல்கின்றன.

மற்றொரு வழி சிலிக்கான் சில்லு. நகம் அளவுதான் இருக்கும். குழாய்க்கு ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தேவை. இதற்குச் சில பத்து வோல்ட் போதும். கீழே விழுந்தாலும் கண்ணாடிபோல் நொறுங்காது. ஆனால் பெரிய தொட்டியை மூட எண்ணற்ற சில்லுகள் வேண்டும். அறை வெப்பத்தில், ஒளி வராதபோதும் வந்ததாகப் பொய்த் துடிப்பு காட்டும் குறையும் இருக்கிறது.

இந்த ஆய்வின் பயன் சுரங்கத்தோடு நின்றுவிடுவதில்லை. புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் 'பெட் ஸ்கேன்' இயந்திரத்துக்குள் இருப்பதும் இதே வகைக் கண்தான். பழைய இயந்திரங்களில் குழாய். புதியவை பலவற்றில் சிலிக்கான் சில்லு.

விபத்துக்குப் பிறகு சூப்பர் கமியோகாண்டே என்ன ஆனது? தப்பிய 5,000க்கும் மேற்பட்ட குழாய்களைத் தொட்டி முழுவதும் இடைவெளி விட்டுப் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பு உறை போட்டு, 2002இல் வேலையைத் தொடர்ந்தார்கள். உடைந்தவற்றுக்கு ஈடான குழாய்கள் முழுமையாக வந்து சேர 2006 ஆகிவிட்டது. சில நொடிகளில் போன கண்களைத் திரும்பப் பெற ஐந்து ஆண்டுகள் பிடித்தன.