‘திறத்தல்’ என்னும் வினையும் பிணைய இடைமுகமும்

கணிப்பொறி நூல்களுள் ‘திறத்தல்’ என்னும் வினை பெரிதும் பயின்று வருகின்றது. கோப்பைத் திறத்தல், அச்சுக் கருவியைத் திறத்தல், பிணைய இடைமுகத்தைத் திறத்தல் என எல்லாவற்றிற்கும் சொல் ஒன்றே. இவற்றுள் இறுதியாக நின்றதனை, மூடிய கதவைத் திறந்து பிணையத்துள் புகுதல் என்றே மாணவர் பலரும் கொள்கின்றனர். அஃது எத்துணைப் பொருந்தும் என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாட்சி வலுப்பெற்ற இடம் 1969-இல் பெல் ஆய்வகத்தில் தோன்றிய யுனிக்சு என்னும் இயக்குதளமாம். அது கருவிகளையும் கோப்புகளாகவே கருதியது. திறக்கும் நிரலுக்கு ஓர் எண்ணைப் பிடியாக அளித்தது. எனினும் பிணைய அட்டை இம்முறைக்குள் அடங்கவில்லை. லினக்சில் வட்டுக்கும் முனையத்திற்கும் கருவிக்கோப்பு உண்டு. ஈதர்நெட் அட்டைக்கு இல்லை. 1983-இல் வெளிவந்த பெர்க்கிலி யுனிக்சின் 4.2 பதிப்புப் பிணையத்திற்கெனச் சாக்கெட் என்னும் வேறொரு வாயிலை அமைத்தது.

இனி, இடைமுகத்தின்கண் ‘திறத்தல்’ இருவேறு செயல்களைக் குறித்தலை நோக்குக. நிருவாகி இடைமுகத்தை எழுப்புங்கால், லினக்சின் கரு, இயக்கியின் திறப்புச் செயற்கூற்றை அழைக்கின்றது. அக்கூறு நினைவிடம் ஒதுக்கி, குறுக்கீட்டைப் பதிவுசெய்து, அட்டையின் வரிசைகளை இயங்கச் செய்கின்றது. இஃது ஒன்று.

மற்றொன்று, நிரலாளர் நூலகத்தின் வழியே செய்வது. லாரன்சு பெர்க்கிலி ஆய்வகத்தில் உருவான லிப்பீகேப் என்னும் நூலகத்தில் ‘பீகேப் ஓப்பன் லைவ்’ என்னும் அழைப்பு உண்டு. இடைமுகத்தின் பெயர், பொதி ஒவ்வொன்றினின்றும் படியெடுத்தற்குரிய பைட்டுகளின் மேலெல்லை, அனைத்தும் ஏற்கும் நிலை வேண்டுமா என்பது, மில்லிநொடியிற் காத்திருப்பு, பிழைச்செய்தி எழுதும் இடம் என ஐந்தினை அது பெறும். லினக்சில் இவ்வழைப்புப் பொதிச் சாக்கெட் ஒன்றைப் படைத்து இடைமுகத்தோடு பிணைக்கின்றது. பெர்க்கிலி மரபில் வடிகட்டிக்கருவி ஒன்றைக் கோப்புப்போல் திறந்து, பின்னர்த் தனிக் கட்டளையால் இடைமுகத்தோடு சேர்க்கின்றது. ஆகவே அம்மரபிலும் திறக்கப்பட்டது வடிகட்டியே, இடைமுகம் அன்று.

அட்டை முன்னரே இயங்குகின்றது. பொதிகள் தத்தமக்குரிய இடத்திற்குச் சென்றவண்ணமே உள்ளன. நிரலுக்குக் கிட்டுவது படி மட்டுமே. இதற்குச் சான்று வேண்டுவார், எழுப்பப்படாத இடைமுகத்தின்மீது லினக்சில் இவ்வழைப்பை விடுத்துக் காண்க. கருவி எழுப்பப்பட்டிலது என்னும் பிழையே விடையாக வரும். முதற்றிறப்பு நிகழாவிடின் இரண்டாவது நிகழாது என்பதனால் அவை வேறுவேறு என்பது பெறப்படும்.

ஒரு சொல் பல பொருட்கு உரியதாயவிடத்து வினையும் இனமும் சார்பும் நோக்கித் தெளிதல் தொல்காப்பியர் காட்டிய நெறி. அழைப்பவன் நிருவாகியா நிரலா என்னும் சார்பே இங்கும் பொருளைப் பிரித்துக் காட்டுகின்றது.

அனைத்தும் ஏற்கும் நிலையைப் பற்றி ஒருசொல். இயல்பாக அட்டை, தன் முகவரிக்கு வந்தனவற்றையும் பொதுவாக விடுக்கப்பட்டனவற்றையுமே ஏற்கும்; இந்நிலையில் தன்னை வந்தடையும் அனைத்தையும் ஏற்கும். பிறர் மடலைப் படித்தலை ஒப்பதாகலின், லினக்சு இயல்பாகத் தலைமைப் பயனருக்கோ தனி உரிமை பெற்ற நிரலுக்கோ அன்றிப் பொதிச் சாக்கெட்டையே வழங்குவதில்லை. (இக்காலத்துச் சுவிட்சுகள் பிறர்க்குரியவற்றைப் பெரும்பாலும் இவ்வட்டைக்கு அனுப்புவதே இல்லை என்பது வேறு.)

நூலகத்தாரும் இச்சொல்லின் நெருக்கடியை உணர்ந்தனர் போலும். 2008-இல் வெளிவந்த 1.0 பதிப்பில் படைத்தல், செயற்படுத்தல் என ஈரழைப்புகளை அமைத்தனர். வேண்டும் அமைப்புகளை அவற்றிற்கு இடையே குறிக்கலாம். தமிழிலும் இயக்கியின் செயலை ‘எழுப்புதல்’ என்றும் நூலகத்தின் செயலைப் ‘பிணைத்தல்’ என்றும் வழங்குதல் தகும் என்பது எம் கருத்து. ‘திறத்தல்’ கோப்புக்கே இருக்கட்டும்.

மூடுதலும் அவ்வாறே. நூலகத்தின் மூடும் அழைப்புப் பிடியை விடுவித்து, அந்நிரல் கோரிய அனைத்தும் ஏற்கும் நிலையை நீக்கும். அட்டையோ தன் தொழிலைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும்.